யூரிபிடீஸ்: நான்கு முறை மட்டுமே வென்ற நாடகக் கவிஞர்

பண்டைய கிரேக்கத்தில் துன்பியல் நாடகம் எழுதியவர்கள் பலர். ஆனால் முழு நாடகங்களாக நமக்கு வந்து சேர்ந்திருப்பவை ஈஸ்கிலஸ், சோபோக்ளீஸ், யூரிபிடீஸ் என்ற மூவரின் பெயரில் உள்ளவை மட்டுமே. மூவரும் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகரத்தவர். இவர்களில் இளையவரான யூரிபிடீஸ் ஏறத்தாழ 50 ஆண்டுகள் எழுதினார். அவர் எழுதியவை சுமார் 92 நாடகங்கள் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. அப்படியிருந்தும் உயிரோடு இருந்த காலத்தில் ஏதென்ஸின் நாடகப் போட்டிகளில் அவர் முதல் பரிசு பெற்றது நான்கே முறை. சோபோக்ளீஸோ நகரப் பெருவிழாவில் மட்டும் 18 முறை வென்றவர். இன்று எஞ்சியிருக்கும் நாடகங்களை எண்ணினால் கணக்கு தலைகீழாக இருக்கிறது: ஈஸ்கிலஸின் பெயரில் 7, சோபோக்ளீஸின் பெயரில் 7, யூரிபிடீஸின் பெயரில் 19. அவர் காலத்து நடுவர்கள் தயங்கியதற்கும் பின்வந்த தலைமுறைகள் அவரை விடாமல் படித்ததற்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம். போரிலும் வீட்டிலும் தோற்றுப்போனவர்களை மேடையின் நடுவில் நிறுத்தி, அவர்களை முழுமையாகப் பேசவிட்டவர் அவர்.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் போட்டி எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதென்ஸில் நாடகம் நாள்தோறும் நடக்கும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒயினுக்கும் வெறியாட்டத்துக்கும் உரிய தெய்வமான டயோனிசஸுக்கு ஆண்டுதோறும் இளவேனிலில் எடுக்கப்பட்ட நகரப் பெருவிழாவின் ஒரு பகுதியாகவே துன்பியல் நாடகங்கள் நடந்தன. போட்டியில் சேர விரும்பும் கவிஞர் அந்த ஆண்டின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்க்கனிடம் சென்று 'கோரஸ்' கேட்க வேண்டும். கோரஸ் என்பது முகமூடி அணிந்து, ஆடிப் பாடி, கதைக்குள்ளேயே ஒரு கூட்டமாக நின்று பேசும் குழு. யூரிபிடீஸின் காலத்தில் அதில் 15 பேர் இருந்தனர். ஆண்டுக்கு மூன்று கவிஞர்களுக்கு மட்டுமே கோரஸ் கிடைக்கும். அந்தக் குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவை நகரத்தின் செல்வர் ஒருவர் ஏற்றாக வேண்டும். அது அவருக்கு விதிக்கப்பட்ட கடமை. ஒவ்வொரு கவிஞரும் மூன்று துன்பியல் நாடகங்களையும், அவற்றைத் தொடர்ந்து சாட்டிர்கள் எனப்படும் பாதி மனிதர் பாதி விலங்கான உருவங்கள் கும்மாளமிடும் ஒரு நாடகத்தையும் தர வேண்டும். நடிகர்கள் மூவரே, எல்லோரும் ஆண்கள். முகமூடியை மாற்றிக்கொண்டு அந்த மூவரே எல்லா வேடங்களையும், பெண் வேடங்களையும் சேர்த்து, நடித்தனர். குடிமக்களிலிருந்து 10 நடுவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்களுடைய வாக்குகளிலிருந்தும் குலுக்கி எடுத்த சிலவற்றைக் கொண்டே வெற்றி முடிவு செய்யப்பட்டது. மூவரில் மூன்றாம் இடம் என்றால் கடைசி இடம் என்று பொருள். ஆனால் அந்த மூவரில் ஒருவராக வருவதே பெரிய மதிப்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது. யூரிபிடீஸுக்கு ஏதென்ஸ் திரும்பத் திரும்பக் கோரஸ் கொடுத்தது. அந்த நகரம் அவரைக் கேட்க விரும்பியது. முதலிடம் தரத்தான் தயங்கியது.

அவர் பிறந்தது கி.மு. 480இல், சலாமிஸ் தீவில் என்பது மரபு. அந்த ஆண்டுதான் கிரேக்கர்கள் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படையை முறியடித்தனர். மூன்று கவிஞர்களையும் நினைவில் வைக்க முற்காலத்தவர்கள் இந்தப் போரையே பயன்படுத்தினர்: ஈஸ்கிலஸ் அதில் போரிட்டார், இளைஞரான சோபோக்ளீஸ் வெற்றி விழாவில் ஆடிப் பாடினார், யூரிபிடீஸ் போர் நடந்த நாளிலேயே பிறந்தார். மூன்றாவது செய்தி அழகுக்காகச் சேர்த்ததாகவே இருக்க வேண்டும். பாரோஸ் தீவில் கிடைத்த காலக்கணக்குக் கல்வெட்டு அவருடைய பிறப்பைச் சில ஆண்டுகள் முன்னதாகவே வைக்கிறது. ஆனாலும் மூவருக்கும் இடையிலான தலைமுறை இடைவெளியை இந்தக் கதை சரியாகவே காட்டுகிறது. ஈஸ்கிலஸ் ஏதென்ஸின் எழுச்சியைக் கண்டவர். யூரிபிடீஸின் முதிர்ந்த எழுத்தின் பெரும்பகுதி அந்த நகரம் ஸ்பார்ட்டாவோடு நீண்ட போரில் சிக்கி, சிறுகச் சிறுகத் தேய்ந்த காலத்தில் எழுதப்பட்டது.

அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி உலவும் செய்திகளில் பெரும்பகுதி கேலிக்காரர்கள் கட்டியவை. தாய் கீரை விற்றவர் என்பது நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபேனிஸ் மேடையில் திரும்பத் திரும்ப அடித்த கேலி. அதையே பிற்கால வரலாற்றுக் குறிப்புகள் உண்மைபோல எழுதி வைத்தன. வேட்டைநாய்கள் கடித்துக் குதறி இறந்தார் என்பதும் அத்தகைய கட்டுக்கதையே. சலாமிஸில் கடலைப் பார்த்த ஒரு குகையில் தனியே அமர்ந்து எழுதினார் என்பது இன்னொரு பழஞ்செய்தி. 1990களில் அந்தத் தீவின் குகை ஒன்றை அகழ்ந்தபோது, அவர் பெயரின் எழுத்துகள் கீறப்பட்ட மண்கலம் ஒன்று கிடைத்தது. எழுத்துகள் அவர் காலத்துக்குப் பின்னர் யாரோ ஒரு வாசகர் பொறித்தவை. கவிஞர் அங்கே அமர்ந்தாரோ இல்லையோ, அவரைத் தேடி அங்கே மனிதர்கள் போயிருக்கிறார்கள்.

கி.மு. 455இல் அவர் முதன்முறையாகப் போட்டியிட்டார். கிடைத்தது மூன்றாம் இடம். அந்தத் தொகுப்பில் இருந்த 'பெலியாஸின் மகள்கள்' என்ற நாடகம் மீடியாவின் சூழ்ச்சியைப் பற்றியது, நூல் கிடைக்கவில்லை. முதல் வெற்றி கி.மு. 441இல், அதாவது 14 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. எஞ்சியிருப்பவற்றில் காலம் தெரிந்த மிகப் பழைய நாடகம் கி.மு. 438இல் அரங்கேறிய 'அல்செஸ்டிஸ்'. சாகவேண்டிய அரசன் அட்மீட்டஸ் தனக்குப் பதிலாகச் சாக ஒருவரைத் தேடுகிறான், வயது முதிர்ந்த தந்தை மறுக்கிறார், மனைவி முன்வருகிறாள். அவளுடைய இறுதிச் சடங்குக்கு வந்த தந்தையை மகன் கோழை என்று திட்டுகிறான். உனக்கு இந்த வெளிச்சத்தைக் காண்பது பிடிக்கிறதே, தந்தைக்குப் பிடிக்காது என்றா நினைத்தாய் என்று கிழவர் திருப்பிக் கேட்கிறார். மனைவியைச் சாகவிட்டவன் தியாகத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் கேள்விக்கு அவனிடம் நேர்மையான விடை இல்லை. புராணக் கதை ஒன்றை எடுத்து, ஒரு வீட்டுக்குள் இது நடந்தால் யார் யாரிடம் என்ன பேசுவார்கள் என்று யோசிப்பதே யூரிபிடீஸின் வழி.

அவரை முதன்முறையாகப் படிக்க விரும்புபவர் 'மீடியா'விலிருந்து தொடங்கலாம். கி.மு. 431இல், ஸ்பார்ட்டாவுடனான போர் மூண்ட அதே ஆண்டில், இது மேடையேறியது. முதலிடம் ஈஸ்கிலஸின் மகன் யூபோரியனுக்கும், இரண்டாமிடம் சோபோக்ளீஸுக்கும், கடைசி இடம் யூரிபிடீஸுக்கும் கிடைத்தன. கதை எளியது. கருங்கடலின் மறுகரையிலிருந்து, தந்தையையும் தாய்நாட்டையும் கைவிட்டு, ஜேசன் என்ற கிரேக்க வீரனோடு வந்தவள் மீடியா. இப்போது கொரிந்து நகரில் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஜேசன் அந்நாட்டு இளவரசியை மணக்கிறான். அரசன் மீடியாவை நாடு கடத்த ஆணையிடுகிறான். அவள் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டுப் பெறுகிறாள். அந்த ஒரு நாளுக்குள் மணப்பெண்ணையும் அரசனையும் நஞ்சு தோய்த்த ஆடையால் கொல்கிறாள். பிறகு தன் பிள்ளைகளையும் கொல்கிறாள். பழைய கதை வடிவங்களில் கொரிந்தியர்களே அந்தப் பிள்ளைகளைக் கொன்றதாக ஒரு மரபு உண்டு. தாயின் கையில் வாளைக் கொடுத்து, அவள் ஏன் அதைச் செய்கிறாள் என்பதை நாடகத்தின் மையமாக்கியவர் யூரிபிடீஸ்.

நாடகத்தின் தொடக்கத்தில் அவள் கொரிந்துப் பெண்களான கோரஸிடம் பேசுகிறாள். உயிரும் அறிவும் உள்ள எல்லாவற்றிலும் பெண்களே பரிதாபத்துக்குரியவர்கள் என்கிறாள்: பெரும்பொருள் வரதட்சணையாகக் கொடுத்துக் கணவனை வாங்க வேண்டும், வாங்கிய பின் அவனே நம் உடலுக்கு எஜமானன் ஆகிறான், அவன் நல்லவனா கெட்டவனா என்பது அதன் பிறகுதான் தெரியும், விட்டு விலகினால் கெட்ட பெயர் நமக்கே. ஆண்கள் போருக்குப் போகிறோம் என்று பெருமை பேசுகிறார்கள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயத்தோடு போர்முனையில் நிற்பேன் என்று முடிக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்களில் கணிசமானோர் உண்மையிலேயே கேடயம் பிடித்துப் போரில் நின்றவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வரி எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும்.

கொலைக்கு முந்தைய காட்சி இன்னும் நுட்பமானது. பிள்ளைகள் இருவரும் அவள் முன் நிற்கிறார்கள். அவர்களுக்குத் திருமணம் செய்து பார்க்கும் பேறு தனக்கு இல்லை என்று சொல்லி விடைபெறத் தொடங்குகிறாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டவுடன் மனம் உடைந்து, என்னால் முடியாது என்று கோரஸ் பெண்களிடம் திரும்புகிறாள். பிறகு எதிரிகள் தன்னைப் பார்த்து நகைப்பார்களே என்ற நினைப்பு வந்து மீண்டும் இறுகுகிறாள், மறுபடி தளர்கிறாள். பிள்ளைகளின் கைகளை எடுத்து முத்தமிடுகிறாள். அவர்களுடைய தோலின் மென்மையையும் மூச்சின் இனிமையையும் சொல்கிறாள். கடைசியில், தான் செய்யப்போவது எவ்வளவு பெரிய தீமை என்று தனக்குத் தெரியும், ஆனால் தன் யோசனையைவிடத் தன் சினம் வலியது என்கிறாள். அறிந்தே தீமை செய்யும் மனத்தை அந்த மனத்தின் வாயாலேயே, இத்தனை திருப்பங்களோடு, யூரிபிடீஸ் பேச வைத்தார். அவள் செய்ததை நாடகம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பார்ப்பவரால் அவளை ஒரு பேயாக ஒதுக்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பவும் முடியாது. கடைசி இடம் கிடைத்ததற்கு அந்த நிம்மதியின்மை ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, கி.மு. 428இல், 'ஹிப்போலிட்டஸ்' நாடகத் தொகுப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. அதே கதையை அவர் முன்பே ஒருமுறை மேடையேற்றியிருந்தார். முதல் வடிவத்தில், கணவனின் மகன்மீது ஆசைகொண்ட பைட்ரா அதை வெளிப்படையாகவே சொல்கிறாள். அது பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் வடிவத்தில் அவள் ஆசையை அடக்கிக்கொண்டு, உண்ணாமல், பேசாமல் கிடக்கிறாள்; உண்மையை அவளிடமிருந்து செவிலிதான் பிடுங்குகிறாள். மேடையேறித் தோற்ற கதையையே மீண்டும் எடுத்து எழுதுவது அக்காலத்தில் அரிது.

இத்தகைய பெண் பாத்திரங்களால் அவருக்குப் பெண்களை வெறுப்பவர் என்ற பெயர் ஏற்பட்டது. கி.மு. 411இல் அரிஸ்டோபேனிஸ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், தங்கள் இரகசியங்களையெல்லாம் மேடையேற்றிவிட்டார் என்று ஏதென்ஸ் பெண்கள் ஒன்றுகூடி யூரிபிடீஸுக்குத் தண்டனை கொடுக்கத் திட்டமிடுகிறார்கள். அரசர்களுக்குக் கந்தல் உடை உடுத்தி மேடையேற்றுகிறார் என்பது இன்னொரு கேலி. இவ்வளவு கேலி செய்ய வேண்டுமென்றால் பார்வையாளர்களுக்கு அவருடைய வரிகள் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். வெறுப்பவர் என்ற குற்றச்சாட்டை, மீடியாவின் அந்தப் பேச்சைப் படித்த யாரும் ஏற்க மாட்டார்கள்.

பழங்கதைகளை அப்படியே நம்ப மறுக்கும் அவருடைய குணம் 'எலெக்ட்ரா'வில் தெளிவாகத் தெரிகிறது. ஈஸ்கிலஸின் நாடகத்தில், தந்தையின் கல்லறையில் கிடக்கும் முடிக்கற்றை, அருகிலுள்ள காலடித் தடம், ஒரு நெசவுத் துணி ஆகிய மூன்றையும் கொண்டு எலெக்ட்ரா தன் தம்பி திரும்பி வந்ததை அறிகிறாள். யூரிபிடீஸின் எலெக்ட்ராவிடம் ஒரு முதியவர் அதே அடையாளங்களைக் கொண்டுவருகிறார். மல்யுத்தக் களத்தில் வளர்ந்தவன் முடியும் சீவி வளர்த்த பெண்ணின் முடியும் எப்படி ஒன்றுபோல் இருக்கும், ஆணின் பாதம் பெரியதல்லவா, சிறுபிள்ளையாக இருந்தபோது நெய்த ஆடை உடலோடு சேர்ந்து வளருமா என்று அவள் ஒவ்வொன்றையும் மறுக்கிறாள். அதே நாடகத்தில் அவளுக்கு வாய்த்த கணவன் ஓர் ஏழை உழவன். நாடகம் முழுவதிலும் மிகவும் கண்ணியமாக நடந்துகொள்பவனும் அவனே.

ஆனால் அவருடைய படைப்புகளில் என்னை மிகவும் உலுக்குவது 'ட்ராய் நகரப் பெண்கள்'. ஏதென்ஸின் ஆதிக்கத்துக்குப் பணிய மறுத்த மீலோஸ் என்ற சிறு தீவை அந்நகரப் படை முற்றுகையிட்டு, கி.மு. 416-415 குளிர்காலத்தில் கைப்பற்றியது. வயதுவந்த ஆண்கள் கொல்லப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். அடுத்து வந்த இளவேனில் விழாவில் இந்த நாடகம் நடந்தது. மேடையில் எரிந்துபோன ட்ராய். தரையில் கிடக்கும் கிழ அரசி ஹெக்யூபா. வெற்றிபெற்ற கிரேக்கத் தலைவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்படும் பெண்கள். மீலோஸ் என்ற பெயர் எங்கும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வளர்ந்தால் பகை தீர்ப்பான் என்று அஞ்சி, மாவீரன் ஹெக்டரின் சின்னஞ்சிறு மகனைக் கோட்டை மதிலிலிருந்து எறிந்து கொல்கிறார்கள். அவன் உடலைத் தந்தையின் கேடயத்தில் கிடத்திப் பாட்டியிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவரும் கிரேக்கத் தூதுவன் டால்தீபியஸ், வழியில் ஆற்றைக் கடந்தபோது உடலைத் தானே கழுவிக் காயங்களைச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்கிறான். கட்டளையை நிறைவேற்றும் படைவீரனால் செய்ய முடிந்த இரக்கம் அவ்வளவே. ஹெக்யூபா அந்தச் சிறுவனைப் பார்த்துப் பேசுகிறாள். என் படுக்கையில் வந்து விழுந்து, பாட்டி, நீ செத்தால் என் முடியை வெட்டி உனக்குச் சாத்துவேன், என் தோழர்களை எல்லாம் உன் கல்லறைக்கு அழைத்து வருவேன் என்றாயே. இப்போது நகரமும் பிள்ளைகளும் இல்லாத கிழவி உன்னைப் புதைக்கிறேனே என்கிறாள். உன் கல்லறையில் ஒரு கவிஞன் என்ன எழுதுவான், இந்தக் குழந்தைக்கு அஞ்சி இவனைக் கிரேக்கர்கள் கொன்றார்கள் என்றா என்று கேட்கிறாள். கிரேக்கர்களே அமர்ந்திருந்த அரங்கில், கிரேக்கரான ஒரு கவிஞர் எழுதிய வரி இது. அந்த ஆண்டு அவருக்கு இரண்டாமிடம் கிடைத்தது.

அதே ஆண்டின் கோடையில் ஏதென்ஸ் சிசிலித் தீவை வெல்லப் பெரும் கப்பற்படையை அனுப்பியது. கி.மு. 413இல் அந்தப் படை முற்றாக அழிந்தது. பிடிபட்டவர்கள் சிராக்யூஸ் நகரின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டு, பசியாலும் வெயிலாலும் மடிந்தனர். யூரிபிடீஸின் பாடல்கள்மீது சிசிலி மக்களுக்குத் தீராத ஆசை இருந்ததாகவும், நினைவிலிருந்த வரிகளைச் சொல்லிக் கொடுத்ததால் சில கைதிகள் விடுதலை பெற்றதாகவும், அலைந்து திரிந்த வேறு சிலர் அவற்றைப் பாடி உணவும் நீரும் பெற்றதாகவும், ஊர் திரும்பியவர்கள் கவிஞரை நேரில் கண்டு நன்றி சொன்னதாகவும் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதுகிறார். எந்தப் பரிசும் இதற்கு ஈடாகாது.

அவருடைய நாடகக் கட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு பாத்திரம் தனியே வந்து முன்கதையைச் சொல்லிவிடும். முடிவில், சிக்கல் மனிதர்களால் தீர்க்க முடியாத இடத்துக்கு வந்தபின், மரத்தாலான கிரேன் ஒன்றில் தெய்வம் மேலே தோன்றித் தீர்ப்புச் சொல்லும். இந்த உத்தியை அவர் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினார் என்ற குறை உண்டு. அரிஸ்டாட்டிலும் 'கவிதையியல்' என்ற தன் நூலில் மீடியா நாடகத்தின் முடிவைக் குறை சொல்கிறார். அதே நூலில், மற்ற குறைகள் இருந்தாலும் கவிஞர்களுள் துன்பச் சுவை மிக்கவர் யூரிபிடீஸே என்கிறார். மனிதர்கள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தான் படைத்ததாகவும், எப்படி இருக்கிறார்களோ அப்படி யூரிபிடீஸ் படைத்ததாகவும் சோபோக்ளீஸ் சொன்னாராம்; இதையும் அரிஸ்டாட்டில்தான் குறித்து வைத்திருக்கிறார்.

கி.மு. 408இல் 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தை மேடையேற்றிய பின், முதிய வயதில், அவர் வடக்கே மாசிடோனியா அரசன் ஆர்க்கெலாஸின் அவைக்குச் சென்றார் என்றும் அங்கேயே கி.மு. 406 வாக்கில் இறந்தார் என்றும் மரபு கூறுகிறது. செய்தி ஏதென்ஸை எட்டியபோது, தொண்ணூறு வயதை எட்டிய சோபோக்ளீஸ் துக்க உடை அணிந்து, தன் கோரஸையும் நடிகர்களையும் தலையில் மாலையின்றி மக்கள் முன் நிறுத்தினார். அதன்பின் சில மாதங்களிலேயே அவரும் மறைந்தார்.

யூரிபிடீஸ் விட்டுச்சென்ற நாடகங்களை அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த இளைய யூரிபிடீஸ் மேடையேற்றினார். அவற்றுள் ஒன்றான 'பாக்கே' நாடகத்தில், டயோனிசஸை வணங்க மறுக்கும் இளம் அரசன் பென்தியூஸை வெறியேறிய பெண்கள் மலையில் கிழித்துக் கொல்கிறார்கள். முன்நிற்பவள் அவனைப் பெற்ற அகாவே. சிங்கத்தின் தலை என்று எண்ணி மகனின் தலையைக் கையில் ஏந்தி ஊருக்குள் வருகிறாள். அவளுடைய முதிய தந்தை அலறவில்லை. முதலில் வானத்தைப் பார் என்கிறார். அது முன்போலவே இருக்கிறதா, மாறித் தெரிகிறதா என்று கேட்கிறார். முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்கிறாள். யாருக்கு உன்னை மணம் செய்து கொடுத்தேன், உனக்குப் பிறந்த மகன் யார் என்று படிப்படியாகக் கேட்டு, கையில் இருப்பது யார் தலை என்ற கேள்விக்கு அவளைக் கொண்டுவருகிறார். தெளிவு திரும்புவதே இங்கே தண்டனையாகிறது. இறந்தவருக்கு இந்தத் தொகுப்புக்காக ஏதென்ஸ் முதல் பரிசு கொடுத்தது, அது ஐந்தாவது.

அடுத்த நூற்றாண்டுகளில் கிரேக்க உலகெங்கும் மிகுதியாக நடிக்கப்பட்டவரும், பள்ளிகளில் மிகுதியாகப் படிக்கப்பட்டவரும் அவரே. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லைகர்கஸ் என்ற அரசியல் தலைவர் மூன்று கவிஞர்களுக்கும் வெண்கலச் சிலை வைத்து, நாடகங்களின் அதிகாரபூர்வப் படிகளை எழுதிப் பாதுகாக்கச் சட்டம் செய்தார். எகிப்தை ஆண்ட மூன்றாம் டாலமி அந்தப் படிகளை 15 டாலன்ட் (பண்டைய எடை அளவு) வெள்ளி பிணையாகக் கொடுத்து இரவல் வாங்கி, அழகிய நகல்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலங்களை அலெக்சாண்ட்ரியாவிலேயே வைத்துக்கொண்டான் என்பது மருத்துவர் கேலன் தரும் செய்தி.

எஞ்சிய 19இல் 10 நாடகங்கள் படிப்புக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டு உரைகளோடு வந்தவை. 'ரீசஸ்' என்ற ஒன்று அவர் எழுதியதல்ல என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். மற்ற ஒன்பதும் யாரும் தேர்ந்தெடுக்காமல் வந்தவை. அவருடைய முழுத் தொகுப்பு கிரேக்க அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. அதில் எப்சைலான் முதல் காப்பா வரையிலான எழுத்துகளில் தொடங்கும் ஒரு பகுதி மட்டும் அழிவுக்குத் தப்பியது. 'ஹெலன்', 'எலெக்ட்ரா', 'இயோன்', முழுமையாகக் கிடைத்த ஒரே சாட்டிர் நாடகமான 'சைக்ளோப்ஸ்' ஆகியவை இப்படித்தான் நம்மிடம் வந்தன. இவற்றுக்கு ஆதாரமான 14ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி இன்று ப்ளாரன்ஸ் நகரின் லாரன்சியன் நூலகத்தில் இருக்கிறது. தேர்வின்றித் தப்பிய இந்த ஒன்பதால்தான், அவர் எவ்வளவு விதவிதமாக எழுதியவர் என்பது நமக்குத் தெரிகிறது. 2022இல் எகிப்தின் பழைய பிலடெல்பியா நகர்ப்புறத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த பாப்பிரஸ் துண்டில் 'இனோ', 'பாலியிடஸ்' என்ற அவருடைய இரு தொலைந்த நாடகங்களின் ஏறத்தாழ நூறு வரிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அதுவரை யாரும் படித்திராதவை.